சந்தனம் பூசிய முன்சக்கரம்

நான் ஒரு மடையன். இதை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. சொல்லக் காத்திருப்பவர்கள் இலங்கைத்துறையிலிருந்து பட்டணத்து ஓர்ஸ் ஹில் வரைக்கும் வரிசையில் நிற்கிறார்கள். சாட்சி வேண்டுமென்றால் என் பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு நடுவில், அரைச் சிரட்டை அளவில் இருக்கிற இரும்புக் குமிழைக் காட்டுவேன். அதைக் கையால் ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் அச்சோடு பூட்டிக்கொள்ளும், எஞ்சினின் வலு சக்கரத்துக்கு வரும். மறுபக்கம் திருப்பினால் சக்கரம் சும்மா உருளும். இடது சக்கரத்தில் ஒன்று, வலது சக்கரத்தில் ஒன்று. அவ்வளவுதான் வித்தை. ஒரு முன் அச்சையே மாற்றிக் கட்டி, ஊரைக் கூட்டித் தேங்காய் உடைத்துவிட்டு, இந்தக் குமிழைத் திருப்பாமல் மணலில் புதைந்து நின்றவன் நான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் கட்டாருக்குப் போனபின் இலங்கைத்துறைக் கரையில் இருந்த எங்கள் கரைவலையும், வலையும் மீனும் வைக்கிற கொட்டிலான வாடியும் அவருடைய பொறுப்புக்கு வந்தன. வலைக்குச் சொந்தமானவரைக் கரையில் சம்மாட்டி என்பார்கள். ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட முதலில் சிலருக்கு நாக்குக் கூசியது. அவருடைய பார்வையை ஒருமுறை வாங்கியபின் கூச்சம் தெளிந்துவிட்டது. அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அதற்குப் பதில் இருக்காது. சின்ன வயதில் தகப்பனோடு தோணியில் திரிந்தவர், எந்த அலைக்கும் அசையாதவர், என் பிக்கப்பில் ஏறினால் மட்டும் தலைசுற்றிப்போவார். மூதூர் தாண்டும்வரை, புளிப்பு மணத்துக்காக ஒரு தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி வருவார். “கடல் ஆட்டினால் தாங்கலாம், நீ ஆட்டினால் ஏலாது தம்பி” என்பார். நான் சாரதி வேலையில் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

வாடிக்கும் கிரவல் பாதைக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. சீனியைக் கொட்டிவைத்த மாதிரி மணல். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் பனங்குற்றிகள் வேறு. ஐஸ் போட்ட கீரி மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டும்போது முன்பக்கம் இடி வாங்கிக்கொண்டே இருக்கும். பழைய அச்சு அந்த இடிக்குச் செய்யப்பட்டதல்ல. முதலில் அதன் குழாய் வளைந்தது, நிமிர்த்திப் போட்டோம். பிறகு சக்கரம் திரும்புகிற முனையில் வெடித்தது. இரண்டு தரமும் மீன் வெயிலில் கிடந்து, கருவாட்டுக்குத்தான் உதவியது. வலை இழுப்பவர்களின் பாடு மீன் விலைப்படுவதில்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தலைவரான தண்டல் ஒருநாள் வாடி வாசலில் வந்து நின்று, “சம்மாட்டி, இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நாங்கள் பக்கத்து வாடிக்குப் போறம். குறை நினைக்காதீங்கோ” என்றார். பக்கத்து வாடியில் ட்ராக்டர் இருந்தது. ஆள் இல்லாத கரைவலை வெறும் நூலும் கயிறும்தான். மச்சாள் உள்ளே போய், அன்று முழுதும் கிழியாத வலையை எல்லாம் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார்.

அச்சைப் பலமாக்குவது என்று முடிவாயிற்று. கப்பல்துறையில் கராஜ் வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் மெக்கானிக் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கழித்துவிட்ட ஜீப் ஒன்றிலிருந்து கனமான முன் அச்சைத் தேடி எடுத்துவந்தார். அதன் குழாய்க்கு அடியில் நீளத்துக்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். உள்ளே தடித்த தண்டுகள், புதுப் பெயாரிங், மணல் புகாதபடி ஒயில் சீல், மேலே இன்னொரு வில் தகடு. வேலை முடிந்த அன்று நானா சக்கரத்தின் குமிழைப் பிடித்தபடி விளக்கம் சொல்லத் தொடங்கினார். பழைய அச்சில் இந்தக் குமிழே கிடையாது. உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கிற நெம்பை இழுத்தாலே நாலு சக்கரமும் வேலை செய்யும். “தம்பி, இது அப்பிடியில்ல. நெம்ப மட்டும் இழுத்தா போதாது. மணலுக்கு எறங்க முன்ன ரெண்டு பக்கமும் இதத் திருப்போணும். தாருக்கு ஏறினா திரும்பக் கழட்டி விடோணும். வெளங்கிச்சா?” என்றார். “ஓம் நானா, ஓம் ஓம்” என்றேன். அந்த நேரம் நான் பிக்கப்பின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் அச்சைவிட என் வயிறுதான் பலமாகத் தெரிந்தது. மச்சாள் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தேசிக்காயோடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை வாடியில் பூசை. சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். குமிழ் இரண்டும் நெற்றி மாதிரி வட்டமாக, பொட்டுக்கென்றே செய்ததுபோல இருந்தன. நானே சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று குமிழில் நானா காட்டிய குறியெல்லாம் அந்தச் சந்தனத்துக்குள் சமாதியாயிற்று. “இனி இதைக் கடலுக்குள்ளயும் விடலாம்” என்று சனத்துக்கு ஒரு பேச்சும் பேசினேன். மீன் ஏற்றியாயிற்று. ஏறி, நெம்பை இழுத்து, ஒரு ராசாவைப்போல எடுத்தேன். மேட்டின் பாதியில் பிக்கப் மெல்ல உட்கார்ந்தது. இன்னும் மிதித்தேன், இன்னும் உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் மணலை வாரி, தேங்காய் பொறுக்க வந்தவர்களின் தலையில் கொட்டின. முன்சக்கரங்கள் இரண்டும் சந்தனப் பொட்டோடு, கலியாணவீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல ஒரு வேலையும் செய்யாமல் இருந்தன.

ஐஸ் உருகிப் பின்கதவால் சொட்டத் தொடங்கியது. யாரோ, “மச்சான், கடலுக்குள்ள விடுறதெண்டு சொல்லிப்போட்டு மணலுக்குள்ள விட்டிட்டாய்” என்றான். தண்டல் சிரிக்கவில்லை. “சம்மாட்டி, உங்கட தேர் வடம் பிடிக்காமல் ஓடாதுபோல” என்றபடி வலைக்கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். அவர் குரலில் பக்கத்து வாடி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நான் கண்ணாடியை இறக்கி, “மச்சாள், நானா எங்களை ஏமாத்திப்போட்டார்” என்றேன்.

“வாயை மூடிக்கொண்டு உள்ளுக்க இரு” என்றார் மச்சாள். பிறகு தண்டலிடம், “கயிறு வலைக்கு. அதைத் தொடாதீங்கோ” என்றார்.

மணலில் நடந்து இடது சக்கரத்தடிக்கு வந்தார். குனிந்தார். சந்தனத்தின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்னால் சுற்றி என் பக்கம் வந்து அங்கேயும் அப்படியே செய்தார். சனத்துக்குள் வாயில் பீடியோடு நின்ற ஒருவர் அதை எடுத்துப் பின்னால் மறைத்தார். எனக்கே நெஞ்சு உருகி, இந்த மனிசியின் பக்திக்காகவாவது கடவுள் என்னைக் காப்பாற்றட்டும் என்று நினைத்தேன்.

“இப்ப எடு” என்றார்.

எடுத்தேன். சேற்றில் படுத்திருந்த எருமை எழும்புவதைப்போல முன்பக்கம் நிமிர்ந்தது. ஒரு பனங்குற்றியில் ஏறி இறங்கியது. அச்சு முனகக்கூட இல்லை. பின்னால் கூச்சல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தபோது தண்டல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு நின்றார்.

தார் றோட்டில் ஏறியதும், எல்லாம் என் ஓட்டத்தின் திறமை என்று விசிலடித்தபடி அச்சைப் பார்க்க இறங்கினேன். குமிழில் சந்தனம் வழிக்கப்பட்டிருந்தது. நாலு விரலின் தடம் ஒரு பக்கமாக வளைந்து இழுபட்டிருக்க, அதற்குள் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. மறுபக்கமும் அப்படியே. கதிரையில் நித்திரை கொள்ளாத ஒருவர் கராஜில் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. “இந்த மடையன் திருப்ப மறந்திட்டான்” என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சனம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கும். சிரித்து முடிந்ததும், இப்படிப்பட்ட சாரதியை நம்பி வலை இழுப்பதா என்று யோசித்துமிருக்கும்.

அதன்பிறகு அது கரையின் வழக்கமாகிவிட்டது. மீன் ஏறியதும் தண்டலே, “சம்மாட்டி, கை வையுங்கோ” என்பார். மச்சாள் வந்து இரண்டு சக்கரத்தையும் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். நான் தார் றோட்டில், ரயருக்குக் காற்றுப் பார்ப்பதாகச் சொல்லி இறங்கிக் கழற்றிவிடுவேன். அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் அவரைக் கேட்கவில்லை. வருடக்கணக்காக இப்படி ஓடியது. தண்டலும் ஆட்களும் எங்கேயும் போகவில்லை.

இப்போது மச்சாளின் முழங்கால்கள் மணலில் நடக்க விடுவதில்லை. ஓர்ஸ் ஹில்லில், மகளின் வீட்டு மாடியில் இருந்து உள் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலையை மருமகன் பார்க்கிறான். பிக்கப் இன்னமும் என்னிடம்தான்; அச்சும் அதேதான். சக்கரத்தில் கை வைக்கத்தான் ஆள் இல்லை. போன கிழமை அதே மேட்டில், அதே பாதியில், அதே மாதிரி உட்கார்ந்தேன். இந்தமுறை நான் பதறவில்லை. ஒரு ஞானியைப்போல இறங்கி, என் பக்கத்துக் குமிழைத் திருப்பிவிட்டு ஏறி எடுத்தேன். அசையவில்லை. நானாவையும் ஜீப்பையும் இரும்பையும் திட்டிவிட்டு, நிழலில் குந்தி மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சாள், ஒண்டு கேக்கோணும். அண்டைக்கு நீங்கள் சக்கரத்தைக் கும்பிடயில்லை என்ன? குமிழைத்தான் திருப்பினனீங்கள். எனக்கு அண்டைக்கே தெரியும். இவ்வளவு காலமும் என்ர மானத்தைக் காப்பாத்தினதுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லயில்லை நான். இண்டைக்கு நானே இறங்கித் திருப்பினனான் மச்சாள். ஆனால் சனியன் அசையுதில்லை.”

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ கப்பல் ஊதுவது போனுக்குள்ளால் கேட்டது. கண்ணைத் துடைக்கிறாரோ என்று நினைத்தேன்.

“மற்றப் பக்கத்தை ஆர் வந்து திருப்பிறது?”