அண்ணாந்து குடித்த ஜெர்மன் ஒயின்

இரண்டு பேர் பேச, திட்டு மட்டும் மூன்றாம் ஆளுக்கு வரும் தொழில் மொழிபெயர்ப்பு. சக துபாஷிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் புது இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன் பொறியாளர் வெர்னருக்கு நான்தான் வாய். இயந்திரத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. முதலாளி அண்ணாச்சி முறையிட்டுப் பார்த்தார். வெர்னரோ, இயந்திரம் சரி, பருத்திதான் சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தார். அன்று சாயங்காலம், தன் தம்பி சொந்தத் திராட்சைத் தோட்டத்தில் செய்த சிவப்பு ஒயினை அலுவலக மேஜையில் வைத்தார்.

மோப்பம்

ஒயின் கிண்ணத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளர்தான். வெர்னர் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். மணம், நிறம், நாக்கில் தங்கும் நேரம் என்று நான் படித்துவைத்திருந்ததையெல்லாம் ஆலை ஃபிட்டர் அந்தோணியிடம் அளந்தேன். அவர் என் காதில் கேட்டார்: "சார், அவிய கொண்டாந்தத அவியளே கெட்டுப்போச்சான்னு மோந்து பாக்காவளே, நம்பிக் குடிக்கலாமா?"

ஒரு சாண் உயரம்

அந்தோணி அண்ணாந்தார். டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, உதடு படாமல் சரித்தார். பழக்கதோஷம், நானும் அப்படியே. வெர்னர் வாயைப் பிளந்தார். எச்சில் படாமல் குடிப்பது எங்கள் மரியாதை என்று விளக்கினேன்.

"காற்றுப் பட்டால் ஒயின் ருசி கூடும் என்று நாங்கள் தனிக் குடுவை வாங்குகிறோம், உங்களுக்குக் கை உயர்ந்தால் போதும்" என்றார் வெர்னர்.

கடுக்காய்

அண்ணாச்சி, இனிக்கும் என்று நம்பி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். முகம் சுருங்கியது. "சார், கடுக்காத் தண்ணியால்லா இருக்கு! சொல்லிராதீங்க, மனுசன் இப்பவே பெட்டியக் கட்டிருவாரு."

'கடுக்கா' என்றால் என்னவென்று வெர்னர் விடாமல் கேட்டார். எனக்குப் பொய் வராது. பாதியில் நிறுத்தவும் வராது. தோல் பதனிட உதவும் துவர்ப்பான காய், ஒயினும் அப்படி இருக்கிறதாம் என்று ஆரம்பித்து, வயிறு இளகவும் கொடுப்பார்கள் என்பதுவரை சொல்லி முடித்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். வெர்னர் மேஜையைத் தட்டினார். "அதே துவர்ப்புதான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. தோலை அதிகம் ஊறவிட்டாய் என்றேன், தம்பி கேட்கவில்லை. ஒரே மடக்கில் கண்டுபிடித்தவர் நூல் அறுகிறது என்றால் நானாவது கேட்க வேண்டும். நாளை போகவில்லை."

சந்தோஷத்தில் அண்ணாச்சியின் டம்ளரை மறுபடி விளிம்புவரை நிரப்பினார். அண்ணாச்சி சிரித்த முகத்தோடு அதை என் பக்கம் தள்ளினார்: "நல்லா வெளக்கமா சொன்னீங்கல்லா? இந்தாங்க, நீங்களே குடிங்க."

இரு தரப்பையும் திருப்திப்படுத்தும் மொழிபெயர்ப்பு உண்டு. மொழிபெயர்த்தவனின் நாக்குக்குத்தான் யாரும் உத்தரவாதம் தருவதில்லை.