கூப்பிட்டால் வராத பிரவுனி

மூன்று வருடத்துக்கு முன், கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் நடந்தது இது. மேல்படிப்புக்காகப் பினாங்குக்குப் போன மகள், தான் ஆசையாக வளர்த்த நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பெயர் பிரவுனி. எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், பின்வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பிரவுனியிடம் ஒரே ஒரு குறை. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனில் விட்டிருக்கும் காரை எடுத்துக்கொண்டு நான் வீடு சேர ஏழேகால் ஆகிவிடும். தானாகத் திறக்கும் ஆட்டோ கேட் பாதி திறப்பதற்குள் அவன் வெளியே பாய்ந்துவிடுவான். சரியாக அதே நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பாய், வெள்ளை ஜிப்பாவும் கைலியுமாகத் தொழுகைக்குக் கிளம்புவார். சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அவர்மேல் கறி வாசம் வீசுமோ என்னவோ, அவரைக் கண்டால் இவனுக்கு அப்படி ஒரு பாசம். ஓடிப்போய்க் காலை நக்கிவிடுவான். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். பாவம் மனிதர், கழுவுவதற்காக மறுபடி வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும்.

எனக்கு அவமானத்தில் உடம்பே கூசும். "பிரவுனி, வா இங்க" என்று கத்துவேன். வாலை மடக்கிக்கொண்டு வருவான். வந்ததும் பிரம்பால் நாலு வைப்பேன். அதையும் பாயின் கண் முன்னாலேயே செய்ய வேண்டும் என்பதில் குறியாக இருந்தேன். நாய்க்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே. வீட்டுக்குள் வைத்து அடித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு நான் செய்கிற மரியாதை அதுதான் என்று மனதார நம்பினேன். ஐந்தாறு தடவை இப்படி ஆனபின், கூப்பிட்டால் வருவதையே பிரவுனி நிறுத்திவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பையை வெளியே வைக்கக் கேட்டைத் திறந்தேன். காலுக்கு நடுவே புகுந்து ஓடியவன், நேராகப் பெரிய சாலைக்கே போய்விட்டான். துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் ஓயாமல் ஓடுகிற சாலை. பின்னாலேயே ஓடினேன். பாதி சாலையைத் தாண்டி நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தான். "வா இங்க" என்று கத்தினேன். என்னைப் பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தான். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். இன்னோர் அடி. அவனுக்குப் பின்னால் லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. என் குரலே அவனை லோரிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது.

பாசார் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, கத்தாதீங்க. மொதல்ல கையில இருக்கறதக் கீழ போடுங்க."

குனிந்து பார்த்தேன். கையில் பிரம்பு. எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே போட்டேன். என்னைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் சாலை ஓரத்தில் பேசாமல் நின்றார். வண்டிகள் ஓய்ந்த ஒரு நேரம் பார்த்து நாக்கைச் சொடுக்கினார். பிரவுனி ஓடி வந்து அவர் காலடியில் நின்றான். பாய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி மெதுவாக நடந்தார். அவர் கால்சட்டையை முகர்ந்துகொண்டே அவன் கூடப் போனான். ஒரு நாளும் தன்னைத் தொடாத மனிதரை நம்பி வருகிறான், தினமும் சோறு போடுகிற என்னைக் கண்டால் ஓடுகிறான். பத்தடி பின்னால், திருடி மாதிரி நான் நடந்து போனேன்.

கேட்டைப் பூட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் குறுக்கே பேசினார்.

"எனக்காக அத அடிக்காதீங்கக்கா. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன், நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன். எனக்கு என்னா, தண்ணி இருக்கு, கழுவிட்டாப் போச்சுலா. உங்ககிட்ட வந்தா அடின்னு ஆயிட்டா, அது வேற எங்க போகும்?"

உள்ளே போய்ச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். கணவரோ, டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு நாய் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்றார். முடியாது என்றேன். கெடுத்தது நான், சரிசெய்ய வேண்டியதும் நான்தான். மூன்று மாதம் தவணை கேட்டேன்.

மிருக வைத்தியரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "வா" என்ற வார்த்தை அவனுக்குக் கசந்துவிட்டது, இனி அதைச் சொல்லாதீர்கள், புது வார்த்தை ஒன்று வையுங்கள், வந்தபின் எக்காரணத்தைக் கொண்டும் திட்டாதீர்கள் என்றார் அந்த அம்மா. நான் வைத்த வார்த்தை "தங்கம்". பெற்ற மகளைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, அவித்த கோழி ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு முதலில் சமையலறையில், பிறகு ஹாலில், பிறகு நீளக் கயிறு கட்டி வாசலில் பழக்கினேன். இத்தனை வருடத்தில் தனக்கு ஒரு நாளாவது ஈரல் கிடைத்ததா என்று கணவர் கேட்டார். காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம், பாதி தூரம் வந்தவன் அப்படியே படுத்துச் சிறுநீர் விட்டுவிட்டான். அவ்வளவு பயம். துடைத்துவிட்டு மறுநாளும் கூப்பிட்டேன். மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் விடவில்லை.

தவணை முடிய நாலைந்து நாள் இருக்கும். மாலையில் கேட் திறந்ததும் வழக்கம்போலப் பாய்ந்தான். எதிரே வெள்ளை ஜிப்பாவில் பாய். காரை விட்டு இறங்கி, பிரம்பில்லாத கையை நீட்டி, "தங்கம்" என்றேன். பாய்க்கு இரண்டடி தூரத்தில் பிரவுனி நின்றான். அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்தான். தெருவென்றும் பார்க்காமல் அவனைக் கட்டிக்கொண்டேன். பாய் சிரித்துக்கொண்டே தொழுகைக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் தெருவுக்கு ஓடியதில்லை. ஆனால் கொசு விரட்டச் சட்டென்று நான் கையைத் தூக்கினால், இன்றும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். அது மட்டும் போகவில்லை. வீட்டிலோ ஆபீசிலோ யாரையாவது அதட்டிக் கூப்பிட வாயெடுக்கும்போதெல்லாம் அந்த மூடிய கண்கள் நினைவுக்கு வருகின்றன, வருகிறவருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்ட பிறகே கூப்பிடுகிறேன்.