வேன் கூரையும் சவுக்காரக் கட்டியும்

தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்காது. அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இந்த ஒரு விஷயத்தைத்தான் பல விதமாக எழுதிக்கொண்டிருந்தேன். மேலதிகாரிகள் அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, சொட்டுகிற இடத்திலேயே சிமெண்டு பூசச் சொன்னார்கள். போன வாரம் தம்பி மகன் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போனவன், கூரை ஒழுகுகிறது என்று படம் அனுப்பினான். சொட்டுகிற இடத்தில் அகலமாக டேப் ஒட்டியிருந்தான். எங்கள் குடும்பத்தில் இது பரம்பரையாக வருவது.

என் சிறுவயதில் கேரவன் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. திருப்பத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, ஏலத்தில் ஒரு பழைய வேனை எடுத்து, உள்ளே பலகைக் கட்டில்களும் ஸ்டவ் வைக்க ஒரு மேடையும் போட்டு, கூரையின் உட்புறம் பிளைவுட் அடித்து, மேலே கேரியரும் பூட்டினார். கோடை விடுமுறைக்கு வீட்டோடு மலை ஏறப்போகிறோம் என்று அறிவித்தார். வீடு இருக்கிற இடத்திலேயே இருந்தால் அதற்கு என்ன குறை என்று அம்மா கேட்டாள். அப்பா டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் நிற்கும் வளைவை ஒட்டி, சாமை அறுத்த நிலம் ஒன்று சும்மா கிடந்தது. பக்கத்தில் கிணறு. நிலத்துக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்டையே ஓட்டினு வந்துட்டீங்க? மழ வந்தா எங்க வூட்டுக்கு வந்துடுங்க. எங்குது ஒழுவாது."

எங்கள் வண்டியும் ஒழுகாது என்றார் அப்பா. அன்று சாயங்காலமே மழை வந்தது. ஸ்டவ் மேடைக்கு மேலே, பிளைவுட் இணைப்பிலிருந்து சொட்டத் தொடங்கியது.

அப்பா பதறவில்லை. டீசல் டேங்கில் கசிவு வந்தால் லாரி டிரைவர்கள் சவுக்காரக் கட்டியை வைத்து அழுத்தி அடைப்பதை அவர் பார்த்திருக்கிறார். அம்மாவின் துணி துவைக்கும் சவுக்காரத்தை எடுத்து, உள்பக்கத்திலிருந்தே அந்த இணைப்பில் வைத்துத் தேய்த்தார். சொட்டுவது நின்றது. வெற்றியோடு என்னைப் பார்த்தார். சவுக்காரம் டீசலில் கரையாது, தண்ணீரில் கரையும். இது கணக்குப் பாடத்தில் வராது. மேலே தேங்கிய தண்ணீர் சிறிது நேரத்தில் வேறு வழி பிடித்து, நுரையோடு இறங்கி, அம்மாவின் தோசை மாவுக்குள் விழுந்தது.

அந்த மாவை அம்மா முதல் நாள் கையால் ஆட்டியிருந்தாள். மலைப்பாதையின் எல்லா வளைவுகளிலும் சிந்தாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மாவின் மேல் நின்ற நுரையை ஒரு விரலால் எடுத்துப் பார்த்தாள். பாத்திரத்தோடு கீழே இறங்கி, மழையில் நனைந்தபடி நிலத்தோரம் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கு பஸ்ஸுல நாங்க போறோம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

நான் சொன்னேன். வேண்டியதில்லைதான், ஆனாலும் சொன்னேன். அம்மா முன்பு ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டு வாணியம்பாடியில் தன் பிறந்த வீட்டுக்குப் போனபோது, அடுத்த பண்டிகைவரை திரும்பவில்லை. அப்பா தினமும் உப்புமா கிண்டினார். அதனால் அன்று எனக்குக் கூரையைவிட டிரங்குப் பெட்டியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அம்மா அதை அடுக்கி மூடி வைத்திருந்தாள்.

காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. அப்பா ஒரு குடம் தண்ணீரோடு கூரைமேல் ஏறினார். உள்ளே நின்று எங்கே ஒழுகுகிறது என்று சொல்வது என் வேலை. முறைப்படி என்றால் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே நகர வேண்டும். அப்பா மொத்தக் குடத்தையும் கவிழ்த்தார். உள்ளே பல இடத்தில் ஒழுகியது. நான் எல்லாவற்றுக்கும் வருது வருது என்று கத்தினேன்.

பெட்டிமேல் தம்பியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, ஒரேயடியாக ஊற்றினால் எங்கே என்று எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்கச் சொன்னாள். நான் படியில் நின்று கேட்டேன். அப்படியானால் எப்படி ஊற்றுவதாம் என்று கேட்கச் சொன்னார் அப்பா. இப்படி நாலைந்து முறை ஏறி இறங்கியதில் எனக்கு மூச்சு வாங்கியது. தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா எழுந்தாள்.

"இந்த வண்டிக்குத் திருநீறு பூசித்தான் பாக்கணும்" என்றாள், கோபமாகத்தான். ஆனால் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள். அப்பாவின் திருநீற்றுப் பையை எடுத்து, கூரையின் உட்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, இணைப்பு நெடுக நீளமாகப் பட்டை போட்டாள். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

"என்னங்க, ஸ்டவ் பக்கத்துல இருந்து ஊத்துங்க. மெதுவா."

அப்பா கிணற்றில் குடத்தை நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறினார். மேலே மெதுவாகத் தண்ணீர் விழுந்தது.

"இப்போ?"

"வரல."

"இப்போ?"

"வரல. கொஞ்சம் பின்னால போங்க."

வண்டியின் பின்கோடிவரை போனபிறகு, "வருது, வருது, நிறுத்துங்க" என்றாள். பட்டை அங்கே கறுத்து, எறும்புச் சாரை போல முன்பக்கம் நகர்ந்து, வண்டி சரிந்து நின்ற வாக்கில் ஸ்டவ் மேடைக்கு வந்து சேர்ந்தது.

"கேரியர் போல்ட்டுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்."

அந்தக் கேரியரை அப்பாவே துளை போட்டுப் பூட்டியிருந்தார். அம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "துணி தரவா, தொடைக்க?" என்றுதான் கேட்டாள்.

போல்ட்டுகளைக் கழற்றி, துளைகளை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பழைய சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டு, மேலே தார் பூசினார் அப்பா. தார், சாலை போட்டவர்கள் ஓரத்தில் விட்டுப்போன டிரம்மிலிருந்து சுரண்டியது. அரசாங்கச் சொத்து. என்னிடம் வேலை செய்தவர்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன். வழியாகப் போன நிலத்துக்காரர் நின்று, "வாத்தியார் வூட்டுக்குப் பொட்டு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தார் இறுகியதும் மறுபடி சோதனை. அம்மா புதிதாகப் பட்டை போட்டாள். அப்பா ஊற்றினார். தூரத்தில், அம்மா போவதாகச் சொன்ன பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். பட்டை வெள்ளையாக, காய்ந்து இருந்தது.

"இப்போ?"

"வருதுங்க. இன்னும் ஊத்துங்க" என்றாள் அம்மா.

இல்லையே என்று நான் வாயைத் திறந்தேன். பொய் சொன்னால் தொடையில் கிள்ளுகிறவள், என் வாயைப் பொத்தினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று வெளியே ஓடினேன்.

அப்பா கூரை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். குடம் காலியாக ஓரத்தில் கிடந்தது. பஸ் வளைவில் நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் வருதுங்க" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"இப்போ நீ தண்ணியே ஊத்தலியேப்பா" என்றேன். அப்பா உதட்டின்மேல் விரலை வைத்தார்.

ஊற்றாத தண்ணீர் எப்படி ஒழுகும் என்று சாயங்காலம்வரை யோசித்தேன். கூரையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, நான் பயப்படுவேன் என்று இருவரும் சேர்ந்து அதை மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். அன்று இரவு மழை பிடித்துக்கொண்டதும், அவர்கள் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் மாவுப் பாத்திரத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தபோது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.