அம்மாவுக்குக் கொடுத்த தித்திப்புத் தண்ணீர்

எனக்கு எட்டு வயது நடந்தபோது அம்மாவுக்கு ஆறாவது மாதம். எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற பாதையை ஒட்டி இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பஸ்ஸில் மூன்று ஸ்டாப். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அப்பா கடலுக்குப் போயிருந்ததால் அம்மா துணைக்கு என்னைக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் என்பதால் நான் எங்கே வேண்டுமானாலும் வரத் தயாராக இருந்தேன்.

அங்கே நர்ஸ் ஒரு பெரிய டம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்து அம்மாவிடம் கொடுத்தார். பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். அதற்குள் வாசலில் யாரோ மயங்கி விழ, அவர் அந்தப் பக்கம் ஓடினார்.

அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் குடித்தாள். பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு டம்ளரை என் கையில் திணித்தாள்.

"இந்தா, குடி. சீக்கிரம். யாராண்டையும் சொல்லாத."

எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தித்திப்பை நான் அதற்கு முன் ஒரே மூச்சில் குடித்ததில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அம்மாவின் ரத்தத்தை எடுத்தார்கள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அம்மா வழியெல்லாம் என் கையை விடாமல் நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் கேட்காமலே கடலை வாங்கிக் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல நாள்.

ரகசியத்தைக் காப்பாற்றுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பதினோரு நாள் காப்பாற்றினேன். பன்னிரண்டாம் நாள் அதே நர்ஸ் குழந்தைகளுக்கு ஊசி போட எங்கள் அங்கன்வாடிக்கு ஸ்கூட்டரில் வந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"சிஸ்டர், அந்த தித்திப்பு தண்ணி திரும்ப எப்போ குடுப்பீங்க?"

"எந்தத் தண்ணி?"

"எங்கம்மாவுக்குக் குடுத்தீங்களே. அது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துது."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. பெட்டியை மூடி ஆயாவிடம் கொடுத்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டு என் பின்னாலேயே வந்தார். எனக்கு ஒரே பெருமை.

அம்மா வாசலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சின்னப் புள்ள இன்னாவோ ஒளறுது சிஸ்டர்."

"ஏம்மா, நான் உன் ரத்தத்தைப் பார்க்கத்தானே கூப்பிட்டேன்? நீ குடிக்காம உன் ரத்தத்துல எனக்கு என்ன தெரியும்?"

அம்மா குனிந்து நெத்திலியைப் பரப்பினாள். நர்ஸ் அவளுக்கு எதிரே கவிழ்த்துப் போட்டிருந்த கூடை மேல் உட்கார்ந்தார். "குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வா கண்ணு" என்று என்னை உள்ளே அனுப்பினார். செம்பைத் தேடிக் கழுவித் தண்ணீர் மொண்டு நான் வெளியே வருவதற்குள் அம்மாவின் முகம் நனைந்திருந்தது. நர்ஸ் அவள் தோளில் கை வைத்திருந்தார். மீனைத் தொட்டே பழக்கமில்லாத கை, எங்கள் நெத்திலிக்கு நடுவே அம்மாவின் அழுக்குச் சேலை மேல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சர்க்கரை இருந்தா மருந்து கீதும்மா," என்று அம்மாவின் பேச்சிலேயே சொன்னார் நர்ஸ். "தெரியாம இருந்தாத்தான் பயம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா திரும்பப் போனாள். இந்தத் தடவை என்னைக் கூட்டிப் போகவில்லை. நர்ஸ் பக்கத்திலேயே நின்று கடைசிச் சொட்டு வரை குடிக்கவைத்தாராம். சர்க்கரை அதிகம் இருந்தது. சோற்றைக் குறைத்து, கேழ்வரகும் சுண்டலும் கீரையும் சாப்பிட்டுப் பார்த்தாள். அது போதவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதினார். தினமும் தொடையில் ஊசி. அம்மா ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் வெளியே ஓடிவிடுவேன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்த ஊசி வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். அம்மாவும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "வா, நடக்கப் போவலாம்" என்றாள். சாப்பிட்ட பிறகு நடக்கச் சொல்லியிருந்தார்கள். படகுகளைச் சுற்றி மணலில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடப்பாள். அவள் உட்காராமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்பா கடலிலிருந்து வந்தால் வலையைத் தொடுவதற்கு முன், "இன்னிக்கி சர்க்கரை எவ்ளோ காட்டுச்சி?" என்றுதான் கேட்பார். மீன் எவ்வளவு என்று அவரை யாரும் கேட்கவில்லை.

வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். நர்ஸ் முந்தின நாளே வந்து ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனார்கள். நான் அத்தை வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தங்கச்சி பிறந்திருந்தது. அதற்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அது விடாமல் அழுதது. பால் குடித்தது, அழுதது. அப்பா தூக்கினார், அப்போதும் அழுதது. பக்கத்துக் கட்டில்காரம்மா தலையைச் சேலையால் மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார். அம்மா மட்டும் தலையணையில் சாய்ந்து, ரேடியோ கேட்பவள் போல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இன்னொரு குழந்தை இருந்ததை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார். அப்போது அம்மா பரிசோதனை எதற்கும் போகவில்லை. ஒன்பதாம் மாதம் முடியப் போகிற நேரத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோனது. பெரிய குழந்தையாம். பிறந்தபோது சத்தமே இல்லையாம். சர்க்கரை இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு அந்த வார்த்தையைக் கேட்பதற்கே அம்மா பயந்தாளாம்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பக்கத்துக் கட்டில்காரம்மாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தங்கச்சியின் வாயை மெதுவாகப் பொத்தப் போனேன். அம்மா என் கையை விலக்கினாள்.

"வுடு. அழட்டும்."

பிள்ளை பெற்றதில் அம்மாவுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.