கிணற்றுக்குள் சொன்ன சாப்பாட்டு ஜெபம்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பது அடிக் கிணற்றின் அடியில் என் கூட்டாளி செல்வத்தின் தொடைமேல் ஒரு பெரிய கல் கிடந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணே, நீங்க வேதக்காரருதானே, உங்க சாமிகிட்ட கேளுங்கண்ணே" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நானும் கண்ணை மூடினேன். அப்போதுதான் எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது என்பது எனக்கே தெரிந்தது.

பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் ஆண்டவருடைய பெயரில் என் அன்பு. என் பெயர் அருள்தாஸ். பத்தாவது வரை படித்தேன், அதிலும் கணக்கில் கோட்டை விட்டவன். பெரம்பலூர் பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். சபையில் நான் சொன்ன சாட்சியைப் பிள்ளைகளுக்காக எழுதிக் கொடுக்கும்படி உங்கள் ஞாயிறு பள்ளி அக்கா கேட்டார்கள். என் மகள் எஸ்தரும் இதைப் படிப்பாள். அதனால் ஒன்றும் கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டினால் வீட்டில் பிடித்துவிடுவாள்.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு "வேதக்கார வூடு", அதாவது கிறிஸ்தவர் வீடு, என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருவார். அந்தப் பெயரை வாங்கியவர் என் தாத்தா. அவர் நிலமில்லாத கூலி. பண்ணையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டவரை நம்பி ஞானஸ்நானம் எடுத்த வாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். தெருவில் போனால் "வேதக்காரன் போறான் பாரு" என்று கேலி செய்வார்களாம். பசியிலும் அவர் பழைய வழிக்குத் திரும்பிப் போகவில்லை. பிறகு சபையார் சேர்ந்து ஊரில் ஒரு கோயில் கட்டியபோது கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கோயில் சுவரில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது.

தாத்தாவுக்குக் கேலியாக வந்த பெயர் எனக்குப் பெருமையாக வந்தது. நான் எதுவும் செய்யவில்லை. பிறந்தேன், அவ்வளவுதான். குழந்தையில் ஞானஸ்நானம், அப்புறம் வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல், கோயிலில் கல்யாணம். வண்டியில் சிலுவை ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை. ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சு எங்கள் குடும்பத்துக்கு என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஒரு முறை ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊருக்குக் குடிவந்த ஒருவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் மாணிக்கம். அவர் ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்தி, "இது எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க வூட்டு பெஞ்சுங்க. புதுசா வந்தவங்க பின்னாடி உக்காருங்க" என்றேன். அவர் அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்கு அது வெற்றியாக இருந்தது. பிள்ளைகளே, இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

வீட்டில் நான் சொல்லும் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டு ஜெபம். தட்டில் குழம்பு விழுவதற்குள் முடித்துவிடுவேன். ஆண்டவர் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் தெரியும், ஆனால் சபையோடு சேர்ந்து சொன்னால்தான் வரும். தனியாகத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே தடுக்கும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன்.

அரும்பாவூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் கிணற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. செல்வமும் நானும் போனோம். செல்வம் பத்து வருடமாக என்னோடு வேலை செய்கிறான். அவன் இந்து. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் வீட்டில் சாப்பிடுவான், அவன் வீட்டில் நான் சாப்பிடுவேன். அந்த நேரம் மும்முனைக் கரண்ட் இல்லை. அதனால் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துப் போய் மேலே ஓடவிட்டு, ஒரு சின்ன மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீரை இறைத்தோம். அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது இறங்கினோம். தோட்டக்காரர் சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. ஆள் இல்லை.

ஒரு வாரமாக மழை. கிணற்றின் மேல்கட்டுக் கல்சுவர் ஊறிப்போயிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. வேலையை ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்தது. நான் இந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். செல்வம் ஒதுங்குவதற்குள் ஒரு கல் அவனைச் சாய்த்து, தொடைமேல் உட்கார்ந்துவிட்டது. ஏறி வரும் படிக்கல்லும் கட்டியிருந்த கயிறும் அந்தச் சரிவோடு போய்விட்டன. தண்ணீர் இறைக்கும் ஓஸ் அறுந்து, இறைத்த தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே கொட்டியது. ஊற்று வேறு நல்ல வேகம். என் போன் மேலே வண்டிப் பையில் இருந்தது. அவன் போன் தண்ணீருக்குள் போயிற்று.

கல்லைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கத்தினேன். மேலே ஜெனரேட்டர் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கத்தியிருப்பேன். தொண்டை கட்டிவிட்டது. செல்வத்தின் இடுப்புக்கு இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. நான் அவன் பின்னால் உட்கார்ந்து, அவன் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவன் அப்படிக் கேட்டான். உங்க சாமிகிட்ட கேளுங்கண்ணே.

நான் கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஆண்டவரே, நீர் எங்களுக்குக் கொடுத்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதித்து, இல்லாதவங்களுக்கும் கொடும். ஆமென்."

செல்வம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, இது சோத்துக்கு முன்னாடி சொல்றதுல்ல? எஸ்தர் பாப்பா சொல்லுமே?"

"ஆமாண்டா."

"கெணறு நம்மளத் திங்கப் போவுது. அதுக்கா ஸ்தோத்திரம் சொல்றீங்க?"

அந்த வலியிலும் அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேற தெரியாதுடா" என்றேன்.

"வெளயாடாதீங்கண்ணே. வேதக்கார வூட்டுல பொறந்துட்டு?"

பிள்ளைகளே, கல் விழுந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. என் கூட்டாளி சாகக் கிடக்கிறான். நம்பிக் கேட்கிறான். என்னிடம் ஒன்றும் இல்லை. தாத்தாவின் பெயர் கோயில் சுவரில் இருக்கிறது, கிணற்றுக்குள் அது உதவவில்லை. வெள்ளைச் சட்டை, பெஞ்சு, ஸ்டிக்கர் எல்லாம் மேலே இருக்கிறது. கீழே நான் வெறும் ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

அழுதேன். அழுதுகொண்டே பேசினேன். கோயிலில் பேசுகிற தமிழ் வரவில்லை. எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல்தான் வந்தது. "ஆண்டவரே, எனக்கு உங்களத் தெரியாது. எங்க தாத்தாவுக்கு உங்களத் தெரியும். நான் அவரு பேரச் சொல்லியே நாப்பத்தோரு வருசம் ஓட்டிட்டேன். என்னய மன்னிச்சிருங்க. இவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இவனக் காப்பாத்துங்க. யாரையாச்சும் அனுப்புங்க." ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஜெனரேட்டர் இருமியது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்து நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துபோயிருந்தது.

"அதுவும் நின்னு போச்சுண்ணே" என்றான் செல்வம். அவன் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆள் அனுப்பச் சொன்னேன், அந்தச் சத்தம் கேட்டாவது யாராவது வருவார்கள் என்றிருந்தேன், அதுவும் நின்றுவிட்டதே என்று நினைத்தேன்.

அந்த அமைதியில் ஓர் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது.

உடனே ஒரு பெண்ணின் குரல். "ஏய், யாரு அங்க? மிஷினு ஓடிக்கிட்டே கெடந்துச்சு, இப்ப நின்னு போச்சு. ஒருத்தரையும் காணோமே?" நானும் செல்வமும் சேர்ந்து கத்தினோம். வரப்பில் தயங்கித் தயங்கி வந்து எட்டிப் பார்த்தது ஒரு முகம். ஆடு மேய்க்கிற அக்கா.

"அடப் பாவிங்களா! ரெண்டு பேரும் உள்ளயா இருக்கீங்க? இருங்க, சாவாதீங்க, ஆள இட்டாறேன்!" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள்.

சாவாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனதை நினைத்து இப்போதும் செல்வம் சிரிப்பான்.

அந்த அக்கா ரோட்டுக்கு ஓடி ஒரு டிராக்டரை மறித்தார்கள். நான்கு பேர் வந்தார்கள். கயிறு போட்டு டிராக்டர் ஜாக்கியை இறக்கினார்கள். நானே அதைக் கல்லுக்கு அடியில் வைத்து ஏற்றினேன். அப்போது தண்ணீர் செல்வத்தின் தாடைக்கு வந்திருந்தது. கல் நான்கு விரல் உயர்ந்தது. அது போதுமாக இருந்தது. அவனைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினோம். ஆம்புலன்ஸில் பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆள் பிழைத்தான். இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான்.

பிறகு அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். "நான் அந்தப் பக்கம் வாறதே இல்லிங்க. ஒரு குட்டி வழி தப்பி வந்துருச்சு, அதத் தேடி வந்தேன். மிஷினு ஓடிக்கிட்டே இருந்திருந்தா, வேல நடக்குதுன்னு போயிருப்பேன்" என்றார்கள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். எது நின்றுபோனது என்று நான் பயந்தேனோ, அது நின்றதுதான் எங்களுக்கு உதவி.

ஆனால் பிள்ளைகளே, சாட்சி இதோடு முடியவில்லை. பயத்தில் யாராயிருந்தாலும் சாமியைக் கூப்பிடுவார்கள். ஒரு பத்து நாள் கழிந்தது. செல்வம் தேறி வந்தான். பயம் போய்விட்டது. ஒரு நாள் காலை விக்கிரமங்கலம் பக்கம் ஒரு மோட்டார் பார்க்க வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். பிரச்சனை எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் பேச வேண்டும் என்று இருந்தது. எதையும் கேட்பதற்கு இல்லை. சும்மா பேச வேண்டும். ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். மாணிக்கத்தை வாசலில் நிறுத்திப் பேசியது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது மனசு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

மறுபடியும் பிறக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நான் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அது புதிதாக வருகிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். வேதம் நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரிடம்தான் அதைச் சொன்னார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் எங்கே பிறந்தேன் என்று யாராவது கேட்டால் அந்தப் புளியமரத்தடியைத்தான் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சுக்குப் போனேன். "அண்ணே, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க. முன்னாடி வந்து உக்காருங்க" என்றேன். மாணிக்கம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். "முன்னாடி எதுக்குங்க? இங்க ஃபேன் காத்து நல்லா வருது. நீங்க உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அங்கேதான்.

செல்வம் இன்னும் அவன் குலசாமி கோயிலுக்குத்தான் போகிறான். நான் அவனுக்காக ஜெபிக்கிறேன். அவனுக்கும் அது தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "அண்ணே, இப்பதான் அந்த ஜெபம் சரியான எடத்துல வருது" என்பான்.

போன மாதம் எஸ்தர் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்க இவ்வளவு ஜெபம் பண்றீங்க. அப்ப எனக்கும் சேத்துத்தானே?" நான் அவளுக்குச் சொன்னேன். உனக்காக ஜெபிப்பேன்மா, உனக்குப் பதிலாக ஜெபிக்க முடியாது. இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆண்டவரை அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. தாத்தா பசியோடு போய் அவரைப் பார்த்தார். நான் கிணற்றுக்குள் போய்ப் பார்த்தேன். நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். இப்போதே போய்ப் பேசு.

"எனக்குச் சாப்பாட்டு ஜெபம்தாம்ப்பா தெரியும்" என்றாள்.

பிள்ளைகளே, அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் சரி. எங்கேயாவது தனியாகப் போய் உட்காருங்கள். எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது என்று அவரிடமே சொல்லுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

அவர் காதுகொடுத்துக் கேட்டார்.