அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்த வாரம்

அப்பாவை மறுபடியும் பள்ளி பஸ் ஓட்ட வைத்தே தீருவது என்று முடிவு கட்டியபோது எனக்குப் பத்து வயது. மலேசியாவின் பொந்தியானில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பஸ் அது. டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டு என்னுடையது. டிரைவரின் மகளுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

ஒரு மழைநாள் காலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வர, அப்பா திடீரென்று பிரேக் போட்டார். புத்தகப் பைகள் உருண்டன. யாருக்கும் அடியில்லை. நாங்கள் சிரித்தோம்; அப்பா சிரிக்கவில்லை. எங்களை இறக்கிவிட்ட கையோடு பஸ் முதலாளியிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு வருடமாவது ஓட்டலாமே என்று முதலாளி வீடு தேடி வந்து கேட்டும் அசையவில்லை. அம்மா காரணம் கேட்டதற்கு, “யாராச்சும் நிறுத்தச் சொல்ற வரைக்கும் இருக்கக் கூடாதுலா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேறொருவர் பஸ் ஓட்டி வந்தார். என் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் மணிலா அட்டையில் அப்பாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பஸ்ஸில் வரும் பதினெட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். மறுத்த ஒருவனுக்கு, நான் சாப்பிடக் கொண்டுபோன நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

வகுப்பில் ஆங்கில ஆசிரியை அட்டையைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ‘பௌ அவுட்’ என்று பலகையில் எழுதி, நாடகம் முடிந்ததும் நடிகர் தலைவணங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்குவதுபோல, மரியாதையோடு தானாகவே விலகிக்கொள்வது என்று விளக்கினார். உன் அப்பா செய்தது அதுதான் என்றார். அப்பா எந்த மேடையும் ஏறியதில்லையே என்று நினைத்தேன்; என் மனம் மாறவில்லை.

சாயங்காலம் அட்டையை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு என்னிடமே தந்தார்.

“நீயே படிம்மா. அப்பா கேக்கிறேன்.”

என் குரலில் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று, பதினெட்டுப் பெயர்களையும் விடாமல் படித்தேன்.

“நல்லா எழுதியிருக்க. ஆனா அப்பா இனிமே ஓட்ட மாட்டேன்.”

கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அட்டையில் ஒவ்வோர் எழுத்தையும் விரல் நகம் அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தேன். அதை ஏன் என்னைப் படிக்கச் சொன்னார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.