தேரடி வரை போய்வந்தவர்

தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த இழை அறுந்தது என்று சொல்லிவிடுவார் என சத்திரப்பட்டியில் சௌந்தரபாண்டியனுக்கு ஒரு பெயர் உண்டு. பேண்டேஜ் துணி நெய்யும் கொட்டகையில் இருபத்தாறு வருஷ வேலை. தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் பிடித்து, நாம் எட்டிப் பார்ப்பதற்குள் முடிச்சைப் போட்டிருப்பார். அந்த விரல்கள்தான் இப்போது சொன்ன பேச்சு கேட்பதில்லை.

ஐப்பசி மழையில் பிடித்த காய்ச்சல் நிமோனியாவாகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் பத்தொன்பது நாள் கிடந்தார். அதில் பதினோரு நாள் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. பிழைத்து வீட்டுக்குக் கிளம்பியபோது ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஐசியூவில் இருந்து போனவர்களை மாதம் ஒரு வியாழக்கிழமை தனியாகப் பார்ப்பார்களாம். மூச்சுக்கும் கைக்கும் பயிற்சி உண்டு, கெட்ட கனவு வந்தாலும் சொல்லலாம் என்றார்கள்.

மனுஷன் போகவில்லை. புறப்படாமல் இருந்தார் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தேய்த்த சட்டை போட்டு, மனைவி மாரீஸ்வரி எடுத்துக் கொடுத்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ராஜபாளையத்தில் பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவார். ஆஸ்பத்திரித் தெருமுனை வரை கால் போகும். அதற்கு மேல் போகாமல் தேரடிக்குத் திரும்பிவிடும். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு வந்து, "டாக்டர் அதே மாத்திரையப் போடச் சொல்லிட்டாரு" என்பார். இப்படியே மூன்று மாதம் ஓட்டினார்.

காரணம் வெட்கம். மெஷினை எடுத்த பிறகும் இரண்டு நாள் அவருக்குப் புத்தி தெளியவில்லை. ஐசியூ தறிக்கொட்டகையாகத் தெரிந்தது. கழுத்தில் செருகியிருந்த மருந்துக் குழாய் சிக்கிக்கொண்ட நூலாகத் தெரிய, அதை அறுத்து முடிச்சுப் போடப் போனார். பச்சை அங்கியும் முகமூடியும் போட்ட ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள். நூலைத் திருட வந்தவள் என்று நினைத்து, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி, முழங்கையால் அவள் முகத்தில் இடித்தார். முகமூடியில் ரத்தம் பரவியது. நடந்ததா, கனவா என்று அவருக்கே நிச்சயமில்லை. அந்த ரத்தம் மட்டும் கண்ணை மூடினால் வந்து நின்றது. உயிரைக் காப்பாற்றிய நர்ஸை அடித்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

வெளியில்தான் இந்தக் கூச்சம். வீட்டில் வாய்க்குக் குறைச்சல் இல்லை. மாரீஸ்வரிக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். "ஏட்டி, நீ பேசயில விசில் அடிக்குது. நம்ம வீட்டுக்கு இனி குக்கரே வேண்டாம்" என்பார். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

நான்காம் மாதம் கொட்டகைக்குப் போனார். அறுந்த இழையை எடுத்தார். விரல் நடுங்கி நுனி நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. பக்கத்துத் தறி மாரிச்செல்வி வந்து முடிச்சைப் போட்டுவிட்டுப் போனாள். முதலாளி விஜயபாண்டி தன்மையாகத்தான் சொன்னார். "கையக் காட்டி சரி பண்ணிட்டு வாங்கண்ணாச்சி. ரெண்டு மாசத்துக்கு உங்க தறிய யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல எனக்கும் முடியாது." அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வியாழக்கிழமை தெருமுனையைத் தாண்டினார். உள்ளே, ஐசியூவில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிரிஸ்கில்லா இருந்தாள். உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை.

"அம்மா, அன்னைக்கு உங்கள அடிச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

"என்னையவா? என்னைய நீங்க அடிக்கலையே அண்ணாச்சி."

அப்பாடா என்றிருந்தது. "அப்ப எல்லாம் கனவுதானா?"

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்டுல அக்கா சொல்லலையா?"

"எதை?"

"பாக்க வாரவுகளுக்கும் எங்கள மாதிரியே பச்சை அங்கியும் முகமூடியும்தான் குடுப்போம். அன்னைக்கு உங்க கையப் பிடிச்சது அக்காதான். பல்லு ஒடஞ்சு ரத்தம் கொட்டுது, அப்பவும் பிடிய விடல. விட்டிருந்தா நீங்க கொழாயப் பிடுங்கியிருப்பீக." அவர் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "சுயபுத்தியில செஞ்சதில்லண்ணாச்சி. நெறைய பேருக்கு இப்படி ஆகும். அதைப் பேசத்தான் வரச் சொல்லுதோம்."

குக்கர் என்று கேலி பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நர்ஸை அடித்த வெட்கத்தையாவது தேரடியில் உட்கார்ந்து கழிக்க முடிந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பிரிஸ்கில்லா ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். தலையைக் குனிந்தபடியே அழுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மாரீஸ்வரி அவர் கையைத்தான் பார்த்தாள்.

"இன்னைக்குப் பால்கோவா இல்லையா?"

"இல்ல."

"அப்ப நெசமாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கீக."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"மாசா மாசம் நீங்க ஏன் வரலன்னு நர்ஸம்மா போன் பண்ணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வெக்கப்படுவீக. அதான் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழக்கத்தில் தலைப்பு வாய்க்குப் போனது. மூட விடாமல் சௌந்தரபாண்டியன் அந்தக் கையைப் பிடித்தார். விரல்களில் இன்னும் அவ்வளவு பலமில்லை. அவள் கை நழுவிப் போய் வாயை மூடிக்கொண்டது.